அர்ஜென்டினாவில், தலைநகர் புவெனஸ் ஐரெஸிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்புகிற மாதிரி, அமைதியான ஒரு கிராமப்புற ஊருக்குப் போக ஒரு நாள் ஒதுக்கலாமா? அங்கே என்ன இருக்கிறது?

ஒதுக்கலாம். ஆனால் ஒரு பகல் போதாது, ஒரு ராத்திரியும் வேண்டும். அது சனி, ஞாயிறாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேள்வியில் நீங்கள் புவெனஸ் ஐரெஸிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்புவதாக எழுதியிருப்பதால்தான் முதலிலேயே இதைச் சொல்கிறேன். அப்படிப் போனால் ஊரைப் பார்க்க மாட்டீர்கள், ஊரைப் பார்க்க வந்த மற்றவர்களைத்தான் பார்ப்பீர்கள்.

வேலை விஷயமாக மூன்று மாதம் புவெனஸ் ஐரெஸில் இருந்தபோது நான் போன ஊர் சான் அந்தோனியோ தெ அரெகோ. அங்கே எல்லாரும் சுருக்கமாக அரெகோ என்பார்கள். தலைநகரிலிருந்து வடமேற்கே 113 கிலோமீட்டர். ரெதீரோ பேருந்து நிலையத்தில் ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். நகரத்தின் கடைசிக் கட்டடங்கள் முடிந்ததும் பாம்பாஸ் சமவெளி தொடங்கிவிடும். அதன் பிறகு மேடு என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் சாலை மேம்பாலம்தான். கம்பிவேலி, அதற்குப் பின்னால் மாடுகள், தண்ணீர் இறைக்கும் காற்றாலை, சோயா அறுத்த வயல். மறுபடியும் கம்பிவேலி. பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிவிட்டார். எனக்கும் கண் சொக்கியது.

அந்தக் கம்பிவேலியைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். 1840-களில் இங்கே முதல் வேலி போடப்படும் வரை இந்தச் சமவெளியில் மாடும் குதிரையும் எல்லையில்லாமல் திரிந்தன. அவற்றின் பின்னால் குதிரையில் திரிந்தவர்கள்தான் காவுச்சோக்கள். வேலி பரவப் பரவ நிலத்துக்கு முதலாளி வந்தார், காவுச்சோ கூலியாள் ஆனார். அப்படி அவர்கள் ஏறக்குறைய மறைந்துபோன பிறகுதான் நாடு அவர்களைக் கொண்டாடத் தொடங்கியது. அரெகோ அந்தக் கொண்டாட்டத்தின் தலைநகரம் மாதிரி. நவம்பரில் பாரம்பரிய நாள் விழா நடக்கும். அப்போது குதிரை அணிவகுப்பைப் பார்க்க நாடு முழுவதிலிருந்தும் ஆள் வரும். நான் போனது ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை. விழாவும் இல்லை, கூட்டமும் இல்லை.

பேருந்திலிருந்து இறங்கியபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. ஊரடங்கு போட்ட மாதிரி இருந்தது. கடைகளின் ஷட்டர் எல்லாம் இறங்கிக் கிடந்தன. ஒற்றை மாடிகூட இல்லாத பழைய வீடுகள், ஜன்னல்களுக்கு இரும்புக் கிராதி, தெரு முனையில் மூலையை வெட்டினாற்போல் அமைத்த வாசல்கள். ஒரு சுவரில் சைக்கிள் சாய்ந்திருந்தது, பூட்டு இல்லை. நடுத்தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது. நான் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்த சத்தத்துக்குத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது. தங்கும் வீட்டின் அம்மாள் எழுபது வயதிருக்கும். கதவைத் திறந்தார், சாவியைக் கொடுத்தார், "சியெஸ்தா" என்று கிசுகிசுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சியெஸ்தா என்றால் மதியத் தூக்கம் என்று படித்திருந்தேன். ஊரே சேர்ந்து தூங்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு மணி வாக்கில் மூடினால் நாலு, ஐந்து மணிக்குத்தான் திறப்பார்கள். பையில் இருந்த பிஸ்கட் பாக்கெட்தான் அன்று எனக்கு மதியச் சாப்பாடு. நீங்கள் போனால் பன்னிரண்டரைக்கு முன்பே இறங்கி எங்காவது உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள்.

சரி, ஆற்றங்கரைக்காவது போவோம் என்று கிளம்பினேன். ஆறு ஊருக்கு வடக்கே என்று தெரியும். போனில் சார்ஜ் இல்லை. சூரியன் இருக்கிறதே, அது போதும் என்று நினைத்தேன். நம் ஊரில் பெரும்பாலான மாதங்களில் உச்சி வெயில் தெற்கே சாய்ந்திருக்கும், ஆகவே சூரியனுக்கு முதுகைக் காட்டி நடந்தால் வடக்கு. நல்ல தன்னம்பிக்கையோடு இருபது நிமிடம் நடந்தேன். வீடுகள் குறைந்தன, தார் போய் மண் சாலை வந்தது, வயல் வந்தது. ஆறு மட்டும் வரவில்லை. பூமத்திய ரேகைக்கு இத்தனை தெற்கே மதியச் சூரியன் வடக்குப் பக்கம்தான் நிற்கும் என்பது அந்த வேலியோரம் நின்றபோதுதான் உறைத்தது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், கால்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அங்கேதான் தெரோவைச் சந்தித்தேன். புல்லுக்குள்ளிருந்து ஒரு பறவை எழும்பி, "தெரோ, தெரோ, தெரோ" என்று தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தியது. சாம்பல் உடம்பு, கறுப்பு மார்பு, பின்னந்தலையில் ஒல்லியான கொண்டை. பார்த்ததுமே தெரிந்தது, இது நம் ஆள்காட்டிதான். நிஜமாகவே உறவு, இரண்டும் ஒரே பேரினம். குணமும் அதேதான், ஒரு ஆள் வந்தால் ஊருக்கெல்லாம் சொல்லிவிடும். தெரோ கத்துவது ஓரிடம், முட்டை வைத்திருப்பது வேறிடம் என்று அந்த நாட்டில் ஒரு பேச்சு உண்டு. பேசுவதொன்று செய்வதொன்றாக இருப்பவர்களைச் சொல்ல அதைப் பயன்படுத்துவார்கள். அது என்னைத் திசை திருப்பப் பார்த்தது. நான் ஏற்கெனவே திசை தவறித்தான் நின்றேன் என்பது அதற்குத் தெரியாது.

குதிரையில் ஒருவர் வந்தார். தலையில் பொயினா என்கிற தட்டைத் தொப்பி, தொளதொள கால்சட்டை, காலில் துணிச் செருப்பு. சுற்றுலாவுக்காகப் போட்ட வேடம் இல்லை, சட்டையில் மாட்டுச் சாணம் இருந்தது. "பழைய பாலம்?" என்றேன். அவர் கையைக்கூட எடுக்கவில்லை, தாடையைத் தூக்கிச் சூரியனைக் காட்டினார். "புவெனாஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது வணக்கமும் ஆகும், போய் வருகிறேனும் ஆகும். தெருவில் முன்பின் தெரியாதவருக்கும் இதைச் சொல்லாமல் கடந்துபோக மாட்டார்கள். சொல்லாமல் கடந்தது நான் ஒருவன்தான். மறுநாளிலிருந்து நானும் சொன்னேன்.

பழைய பாலம் 1857-ல் கட்டியது, அந்தக் காலத்தில் கடப்பதற்குச் சுங்கம் வாங்கினார்களாம். அதைத் தாண்டினால் ரிகார்தோ குயிரால்தெஸ் பெயரில் உள்ள காவுச்சோ அருங்காட்சியகம். அவர் இந்த ஊரின் பண்ணைக் குடும்பத்து எழுத்தாளர். 1926-ல் வந்த அவருடைய 'தோன் செகுந்தோ சோம்ப்ரா' நாவல்தான் இந்த ஊரை உலகத்துக்குக் காட்டியது. அந்த நாவலின் நாயகனுக்கு முன்மாதிரியான நிஜ மனிதரும் எழுத்தாளரும் இதே ஊர்க் கல்லறையில்தான் கிடக்கிறார்கள். நமக்குச் சுவையான ஒரு சங்கதியும் உண்டு. குயிரால்தெஸ் இளவயதில் உலகம் சுற்றியபோது இந்தியாவையும் பார்த்தவர். கடைசிக் காலத்தில் இந்தியத் தத்துவத்தில் மூழ்கி, மறுபடி இந்தியாவுக்கு வரத் திட்டமிட்டிருந்தார். 1927-ல் பாரிஸில் இறந்துபோனார். அவர் மனைவி அதெலினா பிறகு இந்தியாவுக்கு வந்து பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

அருங்காட்சியகத்தின் முக்கியக் கட்டடம் 18-ஆம் நூற்றாண்டுப் பண்ணை வீடு மாதிரி இருக்கும், ஆனால் 1930-களில் அப்படிக் கட்டியது. ஏமாற்றமாக இருந்தாலும் பரவாயில்லை, நேராக லா பிளாங்கேயாதா என்கிற பழைய புல்பெரியாவுக்குப் போங்கள். புல்பெரியா என்றால் மளிகையும் சாராயமும் ஒரே இடத்தில் விற்ற நாட்டுப்புறக் கடை. கல்லாவுக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே இரும்புக் கம்பிகள் உள்ளன. சரக்கு உள்ளே போனதும் கத்தி வெளியே வரும் காலம் அது. கடைக்காரர் கம்பிக்குப் பின்னாலிருந்துதான் கிளாஸை நீட்டுவார். 2009 டிசம்பரில் ஆறு கரை உடைத்து ஊருக்குள் புகுந்தபோது இந்த அருங்காட்சியகமும் தப்பவில்லை. இத்தனை சாதுவாகப் படுத்திருக்கும் ஆறு அந்த வேலையைச் செய்ததா என்று நம்பவே முடியாது.

ஊரில் வெள்ளிப் பட்டறைகள் பல. கத்திப் பிடி, குதிரைச் சேணத்துக்கான பூண், பழைய நாணயங்களைச் சங்கிலியில் கோத்த இடுப்புவார்த் தகடு எல்லாம் கையால் செய்கிறார்கள். ஒரு பட்டறையில் முக்கால் மணி நேரம் நின்றேன். கீல் நிரப்பிய கிண்ணத்தில் வெள்ளித் தகட்டை ஒட்டவைத்து, சின்ன உளியால் டிக் டிக் டிக் என்று தட்டி ஒரு திராட்சை இலையைக் கொண்டுவந்தார் பட்டறைக்காரர். ஒரு இலைதான், முக்கால் மணி நேரம். அர்ஜென்டினா என்ற பெயரே லத்தீனில் வெள்ளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் இந்தச் சமவெளியில் வெள்ளியே கிடையாது. ஸ்பானியர் காலத்தில் அது பொடோசி மலையிலிருந்து, இன்றைய பொலிவியாவிலிருந்து வந்தது. விலை கேட்டேன். கேட்டதோடு சரி.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. மாட்டிறைச்சி நாடு. அது வேண்டாதவர்களுக்குச் சோளம் அல்லது சீஸ் வைத்த எம்பனாதா என்கிற சோமாசி மாதிரியான பண்டமும் பாஸ்தாவும் கிடைக்கும். இரவு ஒன்பதுக்கு முன்பு சமையலறையே திறக்காது, அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

முதல் நாள் மாலை, அந்த அம்மாள் சமையலறையில் உட்காரவைத்து மாத்தே கொடுத்தார். சுரைக்குடுவையில் முக்கால்வாசி யெர்பா இலைத்தூள், அதில் வெந்நீர், கீழே வடிகட்டி உள்ள உலோகக் குழாயால் உறிஞ்ச வேண்டும். ஒரே குடுவை, ஒரே குழாய், ஊற்றுபவர் ஒருவர், அது எல்லாருக்கும் முறை வைத்துச் சுற்றி வரும். குழாயைக் கரண்டி மாதிரி கலக்கக் கூடாது. காய்ச்சிய வேப்பிலையும் புல்லும் கலந்த மாதிரி ஒரு கசப்பு. குடித்துவிட்டுக் குடுவையைத் திருப்பிக் கொடுக்கும்போது மரியாதையாக "கிராசியஸ்" என்றேன். அவ்வளவுதான். அடுத்த சுற்று அவருக்கு, அவர் தங்கைக்கு, மறுபடி அவருக்கு. என் பக்கம் வரவே இல்லை. என்ன தப்பு செய்தேன் என்று அரை மணி நேரம் குழம்பினேன். மாத்தே கொடுக்கும்போது நன்றி சொன்னால் "எனக்குப் போதும்" என்று அர்த்தமாம். மறுநாள் வெள்ளிப் பட்டறைக்காரர்தான் சொல்லிச் சிரித்தார்.

பிறகு சக ஊழியர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே அரெகோவுக்குப் போனேன். சதுக்கத்தைச் சுற்றிக் கார்கள், இறைச்சி வாட்டும் கடைகளில் வரிசை, பண்ணைகளில் மதிய விருந்தோடு குதிரை வித்தை. நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாய் படுத்திருந்த தெருவில் அன்று நாய்க்கு இடமில்லை.

இதைவிடச் சின்ன ஊர் வேண்டுமென்றால் லுஹான் பக்கம் கார்லோஸ் கீன், கான்யூவேலாஸ் பக்கம் ஊரிபெலர்ரேயா. இரண்டும் ரயிலைச் சுற்றி வளர்ந்தவை. கார்லோஸ் கீனில் ரயில் நின்று பல காலமாகிறது, இப்போது சாப்பாட்டுக்கடைகள்தான் ஊரை ஓட்டுகின்றன. அவை பெரும்பாலும் வார இறுதியில்தான் திறக்கும். அங்கே மட்டும் சனி, ஞாயிறு வேண்டாம் என்று நான் சொன்னதை மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பட்டினி. ஊரிபெலர்ரேயாவின் சதுக்கம் எண்கோண வடிவம், அதற்காகவே ஒரு சுற்று நடக்கலாம்.

ஒரு ராத்திரி என்று போன நான் அரெகோவில் இரண்டு ராத்திரி தங்கினேன். வெள்ளிக்கிழமை காலை நல்ல மழை. மழை வந்தால் அந்த ஊர்களில் தொர்தா ஃப்ரீதா போடுவார்கள், மாவைத் தட்டி நடுவில் ஓட்டை போட்டுக் கொழுப்பில் பொரிப்பது. அம்மாள் ஒரு தட்டு நிறைய வைத்துவிட்டு மாத்தே ஊற்றி நீட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. குடித்தேன், கொடுத்தேன். வந்தது, குடித்தேன், கொடுத்தேன். ஏழாவது குடுவையில் வயிறு முட்டிவிட்டது, பேருந்துக்கும் நேரமாகிவிட்டது. "கிராசியஸ், சென்யோரா" என்றேன். அவர் தங்கையைப் பார்த்துச் சிரித்துவிட்டு வெந்நீர்க் கெட்டிலை மூடினார்.