யாருடைய அத்தியாயம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ வரிசையில் வந்த ஐந்து நூல்களையும் மூன்று முறை படித்தவன் நான். என் நண்பன் அதைத் தழுவி எடுத்த ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடரை மட்டும் பார்த்தவன். நாங்கள் பேச ஆரம்பித்தால் சண்டையில்தான் முடிகிறது. “புத்தகம் படித்தவனுக்குத் திரையில் எதுவுமே பிடிக்காது” என்கிறான். நானும் என்னைப் போன்ற சில வாசகர்களும் சேர்ந்து, தொடர் மூலத்திலிருந்து விலகிய இடங்களைப் பட்டியல் போட்டோம். 140 வந்திருக்கிறது. இணைத்திருக்கிறேன். ஒரு தழுவல் எவ்வளவு தூரம் விலகலாம்? முடிவு கெட்டுப்போனதற்கு மார்ட்டின் ஆறாவது நூலை முடிக்காததுதான் காரணமா? தொடரைப் பார்த்து முடித்தவனுக்கு இனிமேல் புத்தகத்தில் என்ன மிச்சம் இருக்கும்?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் மூன்றாம் நூலை மறுபடி அலமாரியிலிருந்து எடுத்து வைத்திருந்தேன், என் அக்காவுக்குப் படித்துக் காட்ட. அதனால்தான் எழுதுகிறேன். இல்லையென்றால் இந்தச் சண்டைக்குள் வந்திருக்க மாட்டேன்.

பட்டியலை முழுவதும் படித்தேன். டனேரிஸின் கண்கள் ஊதா நிறத்தில் இல்லை. டிரியனின் மூக்கு அறுபடவில்லை, தழும்போடு விட்டுவிட்டார்கள். ஆஷாவின் பெயர் யாரா ஆகிவிட்டது. சரி, ஆகட்டும். ஓஷா என்று ஒருத்தி ஏற்கெனவே இருக்கும்போது காதுக்குக் குழப்பம் வேண்டாம் என்று மாற்றினார்கள், அதில் யாருக்கு என்ன நஷ்டம்? கேட்லின் செத்தபின் எழுந்து வருவதை விட்டுவிட்டார்கள் என்பதற்கு மட்டும் நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி எல்லோரும் பேசித் தீர்த்துவிட்டார்கள், நான் தொடவில்லை.

ஆனால் பாத்திரங்களின் வயதைக் கூட்டியதையும் குறையாகச் சேர்த்திருக்கிறீர்களே, அது எனக்குக் கோபத்தை வரவழைத்தது. நூலில் டனேரிஸுக்குத் திருமணம் ஆகும்போது வயது 13. அந்தப் பக்கங்களில் அவளுக்கு நேர்வதை அதே வயதுச் சிறுமி ஒருத்தியை கேமரா முன் நிறுத்தி எடுத்திருக்க வேண்டுமா? யோசித்துத்தான் எழுதினீர்களா? அந்த வரியை இன்றே அடித்துவிடுங்கள்.

இன்னொரு வரி. முதல் சீசனின் ஐந்தாம் எபிசோடில் அரசன் ராபர்ட்டும் அவன் மனைவி செர்சியும் தனியாக உட்கார்ந்து பேசுகிறார்கள். இத்தனை வருட வெறுப்புக்குப் பிறகு, நமக்குள் ஒரு காலத்திலாவது ஏதாவது நடந்திருக்க வாய்ப்பு இருந்ததா என்று அவள் கேட்கிறாள். இல்லை என்கிறான் அவன். நூலில் இல்லாத காட்சி என்று எண் போட்டுக் குறித்திருக்கிறீர்கள். ஏன் நூலில் இல்லை என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? முதல் நூலில், முன்னுரையை விட்டால், எட்டுப் பேருடைய கண்கள் வழியாகத்தான் கதை நகர்கிறது. ராபர்ட் அந்த எட்டில் இல்லை. செர்சியும் இல்லை, அவள் மனதுக்குள் நாம் நுழைவதே நான்காம் நூலில்தான். ஆகவே அவர்கள் இருவர் மட்டும் இருக்கும் அறைக்குள் மார்ட்டினால் போக முடியாது. கேமராவுக்கு அந்தத் தடை இல்லை. போனார்கள், அருமையான ஒரு காட்சியோடு திரும்பினார்கள். ஓநாய்ச் சின்னக் குடும்பத்துச் சிறுமி ஆர்யா, சிங்கச் சின்னக் குடும்பத் தலைவர் டைவினுக்குக் கோப்பை ஏந்தி நிற்கும் காட்சிகளும் அப்படித்தான். நூலில் அவள் பணிவிடை செய்வது ரூஸ் போல்ட்டனுக்கு. தொடரில் ஒரு கிழச் சிங்கமும் ஒரு ஓநாய்க்குட்டியும் ஒருவரையொருவர் மோப்பம் பிடிக்கிறார்கள். இவற்றைத் துரோகம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இந்த ‘யாருடைய கண்’ என்பதைத்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

அக்கா முதல் நூலைத் தானே படித்தாள். இரண்டாம் நூலின் பாதியில் எழுத்துகள் கலங்க ஆரம்பித்தன. அடுத்த வருடத்துக்குள் அவளால் எதையும் படிக்க முடியாமல் போயிற்று. ஒலிநூல் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரம் கேட்டுவிட்டு வேண்டாம் என்றாள். நடுவில் நிறுத்திச் சண்டை போட ஆள் வேண்டுமாம். அப்படித்தான் இரவு ஒரு அத்தியாயம் என்று நான் படிக்க ஆரம்பித்தேன். மார்ட்டின் தன் அத்தியாயங்களுக்கு, பெரும்பாலும், கதையை யார் கண்ணால் பார்க்கிறோமோ அவருடைய பெயரையே தலைப்பாக வைப்பார். புத்தகத்தைத் திறக்கும் சத்தம் கேட்டதும் அக்கா கேட்பாள்: “யாரோட அத்தியாயம்?” சான்சா என்றால் தலையணையைச் சரிசெய்துகொண்டு சாய்வாள். டிரியன் என்றால் நிமிர்ந்து உட்காருவாள். டிரியனின் அண்ணன் ஜெய்மியின் பெயரை மூன்றாம் நூலில் முதன்முறையாக நான் படித்தபோது, “அவனுக்கெல்லாம் அத்தியாயமா, மூடி வை” என்றாள். மூன்று வாரம் கழித்து, குளியல் தொட்டியில் அவன் தன் அரசனைக் கொன்ற காரணத்தை பெண் வீரர் பிரியன்னிடம் சொல்லும் இடத்தில், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு நூல் முழுக்க வெறுத்த ஒருவனின் கண்ணுக்குப் பின்னால் நம்மை உட்கார வைத்துவிட்டார் மார்ட்டின். அவ்வளவுதான் செய்தார். வேறு எதையும் மாற்றவில்லை.

அப்புறம் அந்த முத்தம். இரண்டாம் நூலில், நகரத்துக்கு வெளியே போர் நடக்கும் இரவில், ஹவுண்ட் என்ற போர்வீரன் சான்சாவின் அறைக்கு வருகிறான். கத்தியைக் கழுத்தில் வைத்துப் பாடச் சொல்கிறான், அவள் பாடுகிறாள், அவன் போய்விடுகிறான். மூன்றாம் நூலில் அந்த இரவை நினைக்கும்போது, அவன் தன்னை முத்தமிட்டதாகச் சான்சா நினைக்கிறாள். அக்கா உடனே கையைத் தூக்கினாள். “அவன் முத்தமே கொடுக்கலையே. பழசை எடுத்துப் படி.” எடுத்துப் படித்தேன். அவள் சொன்னதுதான் சரி. என் கண்கள் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தன, அவளுடைய காது பிடித்துவிட்டது. அச்சுப்பிழையும் இல்லை, மறதியும் இல்லை. பயந்துபோன ஒரு பெண் தன் நினைவைத் தானே திருத்தி எழுதிக்கொள்கிறாள், அதை நமக்குச் சொல்லாமலே மார்ட்டின் காட்டிவிடுகிறார். இதை எந்த கேமராவால் எடுக்க முடியும்? நடந்ததைக் காட்டினால் முத்தம் இல்லை, அவள் நினைப்பதைக் காட்டினால் அது நடந்ததாகிவிடும்.

தொடரையும் நாங்கள் சேர்ந்துதான் பார்த்தோம். அவள் கேட்பாள், திரையில் இருப்பதை நான் சொல்வேன். முதல் எபிசோடிலேயே பழக்கத்தில் கேட்டாள்: “இது யாரோட அத்தியாயம்?” என்னிடம் பதில் இல்லை. யாருடையதும் இல்லை. எல்லோரையும் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது உங்கள் பட்டியலுக்குத் திரும்புகிறேன். 140 வரிகளில் டிரியனின் மூக்கு இருக்கிறது, தலைமுடியின் நிறம் இருக்கிறது. டைஷா இல்லை. இரண்டாவது தடவையும் தேடினேன். இல்லை. மூன்று முறை படித்தேன் என்கிறீர்களே, எதைப் படித்தீர்கள்?

டிரியனுக்கு 13 வயதில் நடந்தது அது. அண்ணன் ஜெய்மியோடு போகும் வழியில் ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறான், அவளைக் காதலித்துத் திருமணமும் செய்துகொள்கிறான். தந்தை டைவினுக்குத் தெரிந்ததும், அவள் காசுக்கு வந்தவள், உன் முதல் அனுபவத்துக்காக நான்தான் ஏற்பாடு செய்தேன் என்று ஜெய்மி வாயாலேயே சொல்ல வைக்கிறார். பிறகு அந்தப் பெண்ணைத் தன் காவலர்களிடம் விட்டு, மகனை அதைப் பார்க்கவும் வைக்கிறார். என்னை யாரும் காசில்லாமல் நேசிக்க மாட்டார்கள் என்று டிரியன் கற்றுக்கொண்டது அன்றுதான். அவனுடைய கிண்டல், குடி, காதலி ஷேயிடம் ஏமாந்தது எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது இந்த ஒன்று.

மூன்றாம் நூலின் கடைசியில் சிறையிலிருந்து தம்பியை விடுவிக்கும் ஜெய்மி, கடனைத் தீர்ப்பதுபோல உண்மையைச் சொல்லிவிடுகிறான்: அவள் காசுக்கு வந்தவள் அல்ல. நீ நம்பியது போலவே அவள் ஒரு சாதாரணக் குடியானவனின் மகள்தான். டிரியன் அண்ணனை அடிக்கிறான். ஜாஃப்ரியைக் கொன்றது நான்தான் என்று செய்யாத கொலையை ஒப்புக்கொள்கிறான், ஜாஃப்ரி ஜெய்மியின் ரகசிய மகன் என்பதால் அண்ணனுக்கு வலிக்க வேண்டும் என்பதற்காக மட்டும். அதன் பிறகுதான் அப்பாவின் அறைக்குப் படியேறுகிறான். ஒரே ஒரு கேள்வியோடு போகிறான்: டைஷாவை என்ன செய்தீர்கள்? ஐந்தாம் நூல் முழுக்க, கடல் தாண்டி எங்கு போனாலும், அந்த அப்பா கடைசியாகச் சொன்ன பதிலைத்தான் திருப்பித் திருப்பி முனகிக்கொண்டிருக்கிறான்.

தொடரில் என்ன செய்தார்கள்? முதல் சீசனின் ஒன்பதாம் எபிசோடில் இந்தக் கதையை டிரியன் வாயால் கூலிப்படை வீரன் பிரானிடமும் (Bronn) ஷேயிடமும் முழுசாகச் சொல்ல வைத்தார்கள். விதை போட்டாயிற்று. நான்காம் சீசனின் கடைசி எபிசோட், 2014 ஜூன் 15. ஜெய்மி தம்பியை விடுவிக்கிறான். இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். பிரிகிறார்கள். டிரியன் எதற்கென்றே தெரியாமல் திரும்பி அப்பாவின் அறைக்குப் போகிறான். அக்கா காத்திருந்தாள். அவளுக்கு நான் திரையில் நடப்பதைச் சொல்வதை நிறுத்தியிருந்தேன். “சொல்லிட்டானா?” என்றாள். இல்லை என்றேன். “இன்னும் வரும்” என்றாள். டிரியன் அப்பாவைக் கொல்லும் அம்பு பாயும் சத்தம் கேட்டது. எழுத்து ஓடி முடியும்வரை அவள் நகரவில்லை.

பார்வையாளருக்கு முதல் சீசனில் சொன்ன கதை நினைவிருக்காது, அதனால் விட்டார்கள் என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. ஒவ்வொரு எபிசோடுக்கும் முன்னால் முன்கதைச் சுருக்கம் காட்டுகிறார்களே, அதில் பத்து நொடி போதும். அந்த ஒரு வாக்கியத்தை ஜெய்மி சொல்லாததால் டிரியன் கெட்டிக்கார நல்லவனாக மட்டும் மிஞ்சினான். ஆறாம் சீசனிலும் ஏழாம் சீசனிலும் அவன் பேச்சில் ஏதோ குறைகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். வசனம் சரியில்லை என்றார்கள். அவனுடைய காயத்தை எடுத்துவிட்டார்கள், காயம்தான் அதுவரை பேசிக்கொண்டிருந்தது. எட்டாம் சீசனில், இந்த முறை தம்பி அண்ணனை விடுவிக்கிறான். என்னை அரக்கனாகப் பார்க்காதவன் நீ ஒருவன்தான் என்று அழுகிறான். இரண்டு நடிகர்களும் உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார்கள். ஆனால் நூலைப் படித்த நமக்கு அது தாங்க முடியாத காட்சியாக இருந்திருக்க வேண்டும். இந்த அண்ணன்தானே அந்தப் பொய்யைச் சொன்னவன்?

அதனால்தான், தொடர் அதன் கடைசி சீசன் வந்த 2019இல் கெட்டது என்று எல்லோரும் சொல்லும்போது நான் ஒத்துக்கொள்வதில்லை. உங்கள் இரண்டாம் கேள்விக்கும் இதுவே பதில். ஆறாவது நூல் வராததைக் காரணம் சொல்லாதீர்கள். டைஷாவின் உண்மை அச்சாகி வந்தது 2000இல். 14 வருடம் மேசையில் கிடந்தது.

கடைசி சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பத்து லட்சத்துக்கும் மேலானவர்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். நீங்களும் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கதை, நாம் பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன நாற்காலி இல்லை, கால் ஆடுகிறது என்று திருப்பி அனுப்ப. ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. மார்ட்டினே ஒரு காலத்தில் தொலைக்காட்சிக்கு எழுதியவர், எழுதியதெல்லாம் செலவுக்கு அடங்காமல் வெட்டுப்பட்டதைப் பார்த்தவர். அப்படிப்பட்டவரே 2024 செப்டம்பரில், தன் இன்னொரு நூலைத் தழுவிய ‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ தொடரில் மேலர் என்ற குழந்தையைக் கதையிலிருந்தே எடுத்துவிட்டதைப் பற்றி வருத்தத்தோடு எழுதினார், பிறகு அந்தப் பதிவை நீக்கிவிட்டார். அவர் கண்ணின் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒரு சின்னக் குழந்தையை எடுத்தால் பின்னால் எதெல்லாம் சரியும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த மாதிரிப் படிக்கப் பழகுங்கள். உங்கள் 140 வரிகளிலும் அப்படி ஒரு கணக்குகூட இல்லை.

நண்பனுக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். யார் சாவார்கள், யார் ஜெயிப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும், அது போகட்டும். ஒரே ஒரு முறைகூட அவன் டிரியனுக்குள்ளே இருந்ததில்லை. பட்டியலை அவனிடம் காட்டாதீர்கள். மூன்றாம் நூலின் கடைசி டிரியன் அத்தியாயத்தை எடுத்து, உங்கள் குரலில் அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். நடுவில் அவன் சண்டைக்கு வந்தால் நிறுத்துங்கள், திருப்பிப் படியுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது அந்த அத்தியாயத்துக்கு இன்னும் இரண்டு இரவு இருக்கிறது. அக்காவுக்கு எல்லாம் மனப்பாடம். இருந்தாலும் பெயரை நான்தான் படித்துச் சொல்ல வேண்டும் என்கிறாள்.

அன்புடன்.