உயிர்காப்புப் படகுகள்: ஒரு கப்பல் அதிகாரியின் பதில்கள்

கேள்வி: டைட்டானிக்கில் படகுகள் போதாமல் போனது விதியை மீறியதால்தானே?

பதில்: இல்லை. அதை நினைத்தால்தான் இன்றும் மனம் ஆறவில்லை. 20 படகுகளில் 1,178 பேருக்கு இடம் இருந்தது. கப்பலில் இருந்தவர்களோ 2,200 பேருக்கும் மேல். அன்றைய பிரிட்டிஷ் விதி கேட்டதைவிட அந்தப் படகுகளே அதிகம். விதி கப்பலின் டன்னைப் பார்த்ததே தவிர, ஆட்களை எண்ணவில்லை. எல்லோருக்கும் இடம் வேண்டும் என்பது 1914இல் உருவான, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையில்தான் வந்தது.

கேள்வி: சரக்குக் கப்பலில் இருப்பதே இருபது பேர். இரு பக்கமும் எதற்குப் படகு?

பதில்: கப்பல் சாய்ந்துவிட்டால் உயர்ந்த பக்கத்துப் படகை இறக்க முடியாமல் போகலாம். 20 டிகிரி சாய்வு வரை இறக்க முடிய வேண்டும் என்கிறது விதி. கப்பல் அதோடு நின்றுவிடும் என்று யார் சொல்வது? அதனால் ஒரு பக்கத்துப் படகு மட்டுமே அனைவரையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். பின்புறச் சரிவிலிருந்து கடலில் பாயும் வகைப் படகு இருந்தால் அது ஒன்றே போதும். கூடவே இரு பக்கமும் ஆட்கள் ஏறித் தப்பும் உயிர்காப்பு மிதவைகள் இருக்கும்.

கேள்வி: என் மகன் கப்பலில் சேரப் போகிறான். படகுப் பயிற்சியிலேயே உயிர் போகிறது என்கிறார்களே, ஐயா?

பதில்: உண்மைதான், அம்மா. படகு முன்னும் பின்னும் இரண்டு கொக்கிகளில் தொங்குகிறது. எடை தாங்கி நிற்கும்போதும் அவற்றைக் கழற்ற முடியும். அந்த வசதிதான் பலரைப் பலிவாங்கியது. சரியாகப் பூட்டாத கொக்கி, படகு உயரத்தில் இருக்கும்போது நழுவிவிடும். நான் மூன்றாம் அதிகாரியாக இருந்தபோது ஒரு நாள், படகை மேலே தூக்கும்முன் பின்கொக்கியை டார்ச் அடித்துப் பார்த்தேன். கைப்பிடி மூடியிருந்தது, ஊசியும் செருகியிருந்தது. ஆனால் நேர்கோட்டில் நிற்க வேண்டிய இரண்டு சிவப்புக் குறிகள் நகத்தின் அகலம் விலகியிருந்தன. திறந்து, மறுபடி பூட்டினோம். அப்போது படகுக்குள் மூன்று பேர் இருந்தோம். கைப்பிடியை நம்பாமல் குறியைப் பார்க்கச் சொல்லுங்கள். யார் அவசரப்படுத்தினாலும் கொக்கி நழுவினாலும் படகைத் தாங்கும் தடுப்பு வாரை மாட்டாமல் ஏற வேண்டாம். படகு நீரில் மிதந்தபின் அதை அகற்றவும் மறக்கக் கூடாது.

கேள்வி: படகில் குடிநீர் எவ்வளவு இருக்கும்?

பதில்: ஆளுக்கு 3 லிட்டர். ஆனால் ஏறியதும் முதலில் விழுங்க வேண்டியது குமட்டலுக்கான மாத்திரை. மூடிய படகில் டீசல் வாடையோடு அலையில் உருளும்போது பழகிய மாலுமிக்கும் வாந்தி வரும். வாந்தி எடுத்தால் உடலிலுள்ள நீர்தான் முதலில் போகும்.