பெயர் போடாமல் எழுதினால் தப்பித்துவிடலாமா?

கேள்வி: "வீரவநல்லூர் பக்கம் சொந்த ஊர். வேலை பாளையங்கோட்டையில். வயது 24. புனைபெயரில் இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் கிசுகிசு எழுதுகிறேன். முதலில் சீரியல் நடிகைகள், அப்புறம் நம்ம ஊர் ரீல்ஸ் பிள்ளைகள், கடைக்காரர்கள் என்று போய், இப்போது ஐம்பதாயிரம் பேருக்கு மேல் பின்தொடர்கிறார்கள். ஒரு யூடியூப் பேட்டியில் முகம் காட்டியதிலிருந்து ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் ஆட்கள் நிறுத்திப் பேசுகிறார்கள். போன மாதம் ஒரு ரீல்ஸ் பெண்ணைப் பற்றிப் பெயர் போடாமல் எழுதினேன். அவள் வேலைக்குப் போவதையே நிறுத்திவிட்டாளாம். அவள் அண்ணன் போனில் கத்தினார். ஒரு ஜவுளிக்கடைக்காரர், தன் கடையைப் பற்றிய பதிவை எடுத்துவிட்டால் தீபாவளி விளம்பரம் தருவதாகச் சொல்கிறார். வீட்டில் நான் அடுப்படிக்குள் நுழைந்தாலே மதினி பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். எனக்குச் சிறுகதை எழுத வேண்டும் என்பதுதான் உண்மையான ஆசை. கிசுகிசுவை விட்டால் ஆட்கள் போய்விடுவார்கள். என்ன செய்யட்டும், அக்கா?"

தங்கச்சி, ஜவுளிக்கடை விஷயத்தை நடுவில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். ஆனால் இருப்பதிலேயே அவசரம் அதுதான், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்த விளம்பரத்தை வாங்காதீர்கள். நீங்கள் காசு கேட்கவில்லை, அவரேதான் தருகிறேன் என்றார், சரி. நாளைக்கு உங்களுக்கும் அவருக்கும் ஒரு மனஸ்தாபம் வந்தால் அவர் அதை அப்படிச் சொல்ல மாட்டார். என்னைப் பற்றி எழுதினாள், எடுப்பதற்குப் பணம் வாங்கினாள் என்றுதான் சொல்வார், கணக்கில் பணம் ஏறியதற்கு ஆதாரமும் அவரிடம் இருக்கும். மிரட்டிப் பணம் பறிப்பதற்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு. வழக்கு கடைசியில் நிற்குமா நிற்காதா என்பது அப்புறம். 24 வயதுப் பெண் ஒருத்தி அந்தப் புகாரோடு காவல் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் அலைவது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கிசுகிசுவும் காசும் சேர்ந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு ரொம்ப முன்னாலேயே பார்த்துவிட்டது. 1943-இல் லட்சுமிகாந்தன் 'சினிமா தூது' என்று ஒரு பத்திரிகை தொடங்கி நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதினார். எழுதாமல் இருப்பதற்கும் காசு வாங்கினார் என்பது அன்றைக்கு ஊரறிந்த பேச்சு. அதற்கு அனுமதி ரத்தானதும் 'இந்து நேச'னில் அதையே தொடர்ந்தார். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்திக்குத்துப் பட்டு மறுநாள் இறந்துபோனார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும், நம்ம நாகர்கோவில்காரர் என்.எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போய் 1947-இல்தான் விடுதலையானார்கள். பாகவதரின் திரை வாழ்க்கை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. எழுதியவரும் பிழைக்கவில்லை, எழுதப்பட்டவர்களும் நிம்மதியாக இருக்கவில்லை.

கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில், எழுத்தில் பதில் அனுப்புங்கள்: "பதிவில் எது தவறு என்று சொல்லுங்கள். சரிபார்த்துத் தவறு இருந்தால் திருத்திவிடுகிறேன், அதற்குக் காசு வேண்டாம். விளம்பரம் இப்போது எடுப்பதில்லை." இவ்வளவு போதும். அந்த உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள்.

அடுத்தது அந்தப் பெண். நீங்கள் அனுப்பிய பதிவைப் படித்தேன். அடையாளங்களை மாற்றிச் சொல்வதென்றால் அது இப்படி இருக்கிறது: "வண்ணார்பேட்டை நகைக்கடை ரீல்ஸில் ஆடும் மூன்றெழுத்துக் குயில், கல்யாணமான நாகர்கோவில் கேமராக்காரரோடு கூடு கட்டுகிறதாம்." பெயர் இல்லைதான். ஆனால் வண்ணார்பேட்டையில் ரீல்ஸ் போடும் நகைக்கடைகள் எத்தனை இருக்கும், அதில் முகம் காட்டும் பிள்ளைகள் எத்தனை பேர், அதில் மூன்றெழுத்துப் பெயர் யார் யாருக்கு? அரை மணி நேரத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். சென்னை நடிகையைப் பற்றி எழுதினாலும் தப்புதான், இருந்தாலும் அவர் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளவாவது முடியும். இந்தப் பிள்ளை டவுண் பஸ்ஸில் போக வேண்டும். அவள் அம்மாவை நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தில் நிறுத்தி "என்ன, மகளைப் பத்தி என்னமோ சொல்லுதாவளே" என்று விசாரிக்க நாலு பேர் இருப்பார்கள். அதே கடையில் மூன்றெழுத்துப் பெயருள்ள மற்றப் பிள்ளைகளும் இருந்தால் அவர்கள் மேலும் சந்தேகம் விழுந்திருக்கும், அவர்களுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெயரை மறைத்ததால் யாரும் தப்பிக்கவில்லை, கூடுதலாகச் சிலர் மாட்டிக்கொண்டார்கள்.

சட்டமும் இதே மாதிரிதான் பார்க்கிறது. பெயர் இருக்கிறதா என்பதைவிட, படிக்கிறவருக்கு ஆள் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. கேள்விப்பட்டதைத்தானே போட்டேன், "கட்டுகிறதாம்" என்றுதானே முடித்தேன் என்ற சமாதானமும் செல்லாது. பிறர் சொன்னதைத் திரும்பப் பரப்பியவரும் பொறுப்பாளிதான். அவதூறுக்கு அதே சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், இல்லாவிட்டால் சமூக சேவை. 2024 ஜூலை 1-க்கு முன்னால் எழுதியவற்றுக்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500. பொதுவாக அவதூறுக்குப் பாதிக்கப்பட்டவர் நேரே மாஜிஸ்திரேட்டிடம் போய்த்தான் புகார் கொடுக்க வேண்டும், அதற்கு 3 ஆண்டு அவகாசம் உண்டு. நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட ஓர் ஆண்டு. ஆனால் ஒரு பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் நோக்கில் எழுதியது என்று 79-ஆம் பிரிவில் புகார் போனால் போலீஸே நேரடியாக வழக்குப் பதியலாம், அதில் 3 ஆண்டு வரை. புனைபெயர் உங்களைக் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். போலீஸ் முறைப்படி கேட்டால் கணக்கு எந்த போன் எண்ணில் இருக்கிறது என்று அந்த நிறுவனங்கள் கொடுத்துவிடும்.

"அவள் விஷயம் உண்மைதானே அக்கா" என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மையாகவே இருக்கட்டும். 1994-இல் ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஒருவருடைய குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்றவற்றை அவர் சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது, உண்மையோ பொய்யோ, புகழ்ச்சியோ இகழ்ச்சியோ. பொது ஆவணத்தில் உள்ளதை எழுதலாம், அரசு ஊழியர் தன் பதவியில் செய்ததை எழுதலாம், தானே வந்து சர்ச்சையில் இறங்கியவரைப் பற்றியும் எழுத இடம் உண்டு. நகைக்கடையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பிள்ளை கடைக்காக ரீல்ஸில் ஆடினாள் என்பதால் அவள் கல்யாண விஷயம் பொது விஷயம் ஆகிவிடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது செய்ய வேண்டியது. வக்கீல் நோட்டீஸோ போலீஸ் அழைப்போ வந்திருந்தால் எதையும் தொடாமல் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள், அந்த நேரத்தில் அழித்தால் ஆதாரத்தை மறைத்ததாக ஆகும். கையில் காசு இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நோட்டீஸ் எதுவும் வரவில்லை என்றால் பதிவைத் தேதியோடு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அப்புறம் அந்தப் பெண்ணிடம் கேளுங்கள். நேரே வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள், அதுவே தெருவுக்குப் புதுப் பேச்சாகிவிடும். அவளுக்கும் உங்களுக்கும் தெரிந்த ஒருவர் மூலமாகவோ ஒரு செய்தி அனுப்பியோ கேளுங்கள்: "எடுத்துவிட்டேன். தவறு என்று வெளிப்படையாக எழுதவும் தயார். எழுதட்டுமா, பேசாமல் விட்டுவிடட்டுமா?" சிலர் மறுப்பு வர வேண்டும் என்பார்கள், சிலர் இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்பார்கள். அது அவள் முடிவு. உங்கள் மனசு ஆற வேண்டும் என்பதற்காக அவள் கேட்காத மன்னிப்பைப் பெரிதாகப் போட்டு இரண்டாம் முறை அவளைச் சந்திக்கு இழுக்கக் கூடாது.

எழுதச் சொன்னால், விஷயத்தைத் திரும்பச் சொல்லாமல் எழுதுங்கள். "இன்ன தேதியில் வண்ணார்பேட்டைக் கடை ஊழியர் ஒருவரைக் குறிப்பதுபோல நான் எழுதிய பதிவைச் சரிபார்க்காமல் வெளியிட்டேன். அதை எழுத எனக்கு உரிமை இல்லை. நீக்கிவிட்டேன், வருந்துகிறேன். பகிர்ந்தவர்கள் தயவுசெய்து நீக்குங்கள்." இதையும் அவளிடம் காட்டிவிட்டே போடுங்கள், கடையின் பெயரோ ஊரோ வேண்டாம் என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். பக்கத்தின் உச்சியில் சில வாரம் நிற்கட்டும். "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்" என்று இழுக்காதீர்கள், புண்பட்டது யார் என்று உங்களுக்கே தெரியும்.

புகழ் பற்றி ஒன்று. ஜங்ஷனில் நிறுத்திப் பேசுகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். "நேத்து எழுதுனது நல்லா இருந்துச்சு" என்கிறார்களா, "அடுத்து யாருக்கா?" என்கிறார்களா? இரண்டாவது என்றால் அவர்கள் தேடி வருவது புறணியை, உங்களை இல்லை. அந்த ஆட்கள் போவார்கள். போகட்டும். ஐம்பதாயிரம் பத்தாயிரம் ஆகலாம், அதை நான் மறைத்துச் சொல்லப்போவதில்லை. கொஞ்ச நாள் கை நமநமக்கும், எண்ணிக்கையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

மதினி விஷயம்தான் கடிதத்தில் என்னை ரொம்பச் சங்கடப்படுத்தியது. உங்கள் வீட்டிலேயே உங்கள் முன்னால் ஒருத்தர் வாய் திறக்கப் பயப்படுகிறார் என்றால், கதை எழுத ஆசைப்படுகிற ஒருத்திக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் என்ன இருக்கிறது? கதைக்கு வேண்டிய பேச்செல்லாம் அந்த அடுப்படியில்தானே இருக்கிறது. மதினியிடம் நேராகவே சொல்லுங்கள், இனி வீட்டில் பேசுவது எதுவும் வெளியே போகாது என்று. உடனே நம்ப மாட்டார்கள். மாதக் கணக்கில் ஒன்றும் வெளியே போகாமல் இருந்தால் தானாக நம்புவார்கள். கதை எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். "யாவும் கற்பனை" என்று கீழே போட்டுவிட்டு மதினியின் கல்யாணச் சண்டையை அப்படியே எழுதினால் அதுவும் அதே கிசுகிசுதான். ஊரை மாற்றுவது, தொழிலை மாற்றுவது மட்டும் போதாது. நடந்த சம்பவத்தை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் நீங்கள் பார்த்த ஒரு மனநிலையை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு சம்பவம் கட்டுங்கள். உதாரணமாக, ஊர் முழுக்கத் தன் மகளைப் பற்றிப் பேசும்போது வழக்கம்போல கோலம் போட வாசலுக்கு வர வேண்டிய ஓர் அம்மா. அந்தப் பெண்ணுக்கு நிஜத்தில் என்ன நடந்தது என்று தெரியாமலேயே இந்தக் கதையை எழுத முடியும்.

பக்கத்தை மூட வேண்டியதில்லை, விஷயத்தை மாற்றுங்கள். செய்தி மேஜையில் பல வருஷம் மாவட்டச் செய்திகளைத் திருத்திய பழக்கத்தில் ஒரு விதி சொல்கிறேன்: சம்பந்தப்பட்டவரின் பெயரை முழுசாகப் போட்டு, அவருக்கு போன் செய்து அவர் பதிலையும் சேர்த்து எழுத முடிகிற விஷயத்தை மட்டும் எழுதுங்கள். பெயரைப் போடத் தயக்கமாக இருந்தாலோ அவருக்கு போன் செய்யக் கூச்சமாக இருந்தாலோ அதை எழுத வேண்டாம் என்று அர்த்தம். ஒரு பெண்ணோ குழந்தையோ பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டிருந்தால் மட்டும் அவர்கள் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடக் கூடாது, அது தனிக் குற்றம். உங்கள் எழுத்துக்குக் கீழேயும் உங்கள் சொந்தப் பெயரைப் போடத் தொடங்குங்கள். பின்னாளில் விளம்பரம் எடுத்தால் "விளம்பரம்" என்று முதல் வரியிலேயே தெரியப் போடுங்கள், 2023-இல் மத்திய நுகர்வோர் துறை கொடுத்த வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது.

எழுத விஷயமா இல்லை? உங்கள் ஊரிலேயே தறி இருக்கிறது, பக்கத்தில் பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறார்கள், காருகுறிச்சியில் மண்பாண்டம். யாருக்கு என்ன கூலி, இடையில் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று துருவிக் கேட்க உங்களை மாதிரி ஆள்தான் வேண்டும். தாமிரபரணியில் சாக்கடை எந்தெந்த இடத்தில் கலக்கிறது, அதைத் தடுக்க எவ்வளவு செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் ஏன், எதற்கு என்று கேட்காமல், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, இந்த வேலைக்கு, இந்தக் கோப்பின் நகல் என்று கேளுங்கள். மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பதில் வராவிட்டால் மேல்முறையீட்டுக்கு அந்த ரசீது உங்களுக்கு வேண்டும்.