நெசவாளி ஆண்ட நகரமா?

கேள்வி: இடைக்கால ஜெர்மனியில் கொலோன் நகரைக் கைவினைஞர் சங்கங்களே ஆண்டன, 400 ஆண்டுகள் அங்கே தொழிலாளர் ஆட்சி நடந்தது என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். உண்மையா? – வாசகர், ஈரோடு

பதில்: 400 ஆண்டு என்பது சரி. தொழிலாளர் ஆட்சி என்பது தவறு. பேசியவர் சங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் இன்றைய தொழிற்சங்கத்தை நினைத்துவிட்டார். அன்றைய கைவினைச் சங்கம் சொந்தப் பட்டறை வைத்திருந்த முதலாளி-ஆசான்களின் அமைப்பு. அவர்களிடம் கூலிக்கு வேலை செய்த தறிக்காரனுக்கு ஊரை ஆண்ட நகர மன்றத்தில் நாற்காலி கிடையாது.

கொலோனின் கம்பளி நெசவாளர்கள் 1370-ல் பழைய பெருங்குடிகளின் கையிலிருந்து அதிகாரத்தைப் பறித்தார்கள். மற்றத் தொழில்காரர்கள் பலர் துணை நிற்கவில்லை. 1371 நவம்பர் 20 அன்று தெருச்சண்டையில் நெசவாளர்கள் தோற்றார்கள். அந்தப் பாடத்தை நகரம் மறக்கவில்லை. 1396-ல் மறுபடி எழுந்தபோது நெசவாளரும் பொற்கொல்லரும் வணிகரும் ஒன்றாக வந்தார்கள். வென்றது அந்தக் கூட்டணிதான். வணிகர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு செப்டம்பர் 14-ல் எழுதிய சாசனத்தில் நகரின் முத்திரையும் 22 'காஃபல்'களின் முத்திரைகளும், ஆக 23 முத்திரைகள் தொங்குகின்றன. காஃபல் என்பது அரசியல் பிரிவு. ஒரு பெரிய தொழிலோ, பல சிறு தொழில்கள் சேர்ந்தோ ஒரு காஃபல். சில காஃபல்கள் முழுக்க வணிகர்களுடையவை. ஊரில் வாழும் குடிமகன் ஏதாவது ஒன்றில் சேர்ந்தே ஆக வேண்டும்.

மன்றத்தில் 49 பேர். காஃபல்கள் தேர்ந்தெடுத்தவர்கள் 36: கம்பளி நெசவாளருக்கு 4, மற்றவற்றுக்கு இரண்டோ ஒன்றோ. மீதி 13 பேரை அந்த 36 பேரே சேர்த்துக்கொண்டார்கள். பதவிக்காலம் ஓராண்டு. ஆனால் எல்லோரும் ஒரே நாளில் மாறமாட்டார்கள். ஜூனில் புனித யோவான் திருநாளை ஒட்டிப் பாதிப் பேர், கிறிஸ்துமஸை ஒட்டி மறுபாதி. புதிதாக வருபவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஆறு மாதம் பழகியவர் எப்போதும் இருப்பார். இறங்கியவர் இரண்டாண்டு வெளியே இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு இது, மனமாரச் சொல்கிறேன். அதைவிட நல்லது இன்னொன்று: போர், புதிய உடன்படிக்கை, 1000 குல்டனுக்கு (அன்றைய பொற்காசு) மேற்பட்ட செலவு என்றால் மன்றம் தனியாக முடிவெடுக்க முடியாது. காஃபலுக்கு இருவராக 44 பேரைக் கூட்டிச் சம்மதம் வாங்க வேண்டும்.

ஓட்டை எங்கே? மன்றமே சேர்த்துக்கொண்ட அந்த 13 இடங்கள் ஒன்று. இரண்டாண்டு இடைவெளி இன்னொன்று. இன்று இறங்கியவர் மூன்றாம் ஆண்டு திரும்பினார், இடையில் அவருடைய கூட்டாளிகள் இருந்தார்கள். ஒரே வட்டம் மூன்று குழுவாகப் பிரிந்து சுழன்றது. இரண்டு மேயர்களும் அப்படியே. பட்டறையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் மன்றத்தில் உட்கார வசதியுள்ளவனுக்குத்தான் முடியும், ஆகவே சங்கத்தின் பெயரில் பணக்காரர்களே போனார்கள்.

ஊர் பொறுத்தது. 1513 தொடக்கத்தில் வெடித்தது. முன்னாள் மேயர்கள் உட்பட மன்றத்தார் பலரின் தலை உருண்டது. டிசம்பரில் பழைய தோல்சாசனத்தோடு ஒரு புதிய சாசனத்தைத் தோல்வாரால் கோத்துச் சேர்த்தார்கள். அதற்கு வைத்த 'ட்ரான்ஸ்ஃபிக்ஸ்' என்ற பெயரே 'ஊடே கோத்தது' என்றுதான் பொருள்படும். பழையதைக் கிழிக்கவில்லை, காவலைக் கூட்டினார்கள்.

பெண்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் விட மனமில்லை. கொலோனில் நூல் தயாரிக்கும் பெண்களுக்கு 1397-லும் பட்டுத் தொழில் பெண்களுக்கு 1437-லும் தனிச் சங்கங்கள் இருந்தன. பட்டுத் தொழிலில் பயிற்சிக்காலம் நான்கு ஆண்டு, ஒரு ஆசிரியையிடம் ஒரே நேரத்தில் நான்கு பெண்களுக்கு மேல் இருக்கக் கூடாது. தங்கள் சரக்கின் தரத்தைத் தாங்களே சோதித்த அந்தப் பெண்களில் ஒருவர்கூட, 1797-ல் பிரெஞ்சு ஆட்சி பழைய மன்றத்தைக் கலைக்கும் வரை, அதில் உட்கார்ந்ததில்லை.