அடிஸ் அபாபாவில் முதல் வாரம்: மணி கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கேள்வி: ஓராண்டுத் தன்னார்வப் பணிக்காக ஜூலை மாதம் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவுக்குச் செல்கிறேன். ஒரு பயிற்சி மையத்தில் கணினி கற்பிக்க வேண்டும். இதுவே என் முதல் வெளிநாட்டுப் பயணம். சைவ உணவு மட்டுமே உண்பேன். முதல் சில நாட்களை எப்படிச் சமாளிப்பது?
- வாசகி, திருப்பூர்

பதில்: புறப்படுவதற்கு முன் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். எத்தியோப்பியாவிலிருந்து இந்தியா திரும்புவோரிடம் அதற்கான சான்றிதழ் இல்லையென்றால், 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரம் வரை தள்ளிப்போட வேண்டாம். சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.

அடிஸ் அபாபா சுமார் 2,350 மீட்டர் உயரத்தில், அதாவது ஊட்டியைவிடச் சற்று மேலே இருக்கிறது. மலைப்பாதையில் மெல்ல ஏறிப் போகாமல் விமானத்தில் நேரே போய் இறங்குவதால், முதல் இரண்டு மூன்று நாட்களுக்குத் தலைவலியும் படியேறும்போது மூச்சிரைப்பும் வரலாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். அதுவும் கொதிக்க வைத்ததாகவோ பாட்டில் தண்ணீராகவோ இருக்கட்டும். ஜூலை அங்கே பெருமழைக் காலம். ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் கைப்பையிலேயே இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விடப் புதியவர்களைத் தடுமாற வைப்பது அந்த ஊரின் கடிகாரம்தான். நம் முன்னோர் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணியதைப் போல, எத்தியோப்பியர்கள் இன்றும் விடியலிலிருந்தே மணியை எண்ணுகிறார்கள். நமது காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. நண்பகல் 12 அவர்களுக்கு 6. மாலை 7 ஆனால் இரவு 1 மணி. ஓர் அலுவலர் என்னை "நாளை 3 மணிக்கு வாருங்கள்" என்றார். நான் பிற்பகல் 3 மணிக்குப் போய் நின்றேன். அவரோ காலை 9 மணிக்கே எனக்காகக் காத்திருந்துவிட்டுக் கிளம்பியிருந்தார். வெளிநாட்டவரிடம் பேசும்போது சிலர் மணியை மாற்றிச் சொல்வார்கள், சிலர் மாற்ற மாட்டார்கள் என்பதுதான் சிக்கல். ஆகவே யார் மணி சொன்னாலும், "ஹபேஷா கணக்கா, ஃபெரெஞ்சி கணக்கா?" என்று உடனே கேட்டுவிடுங்கள். ஹபேஷா என்பது அவர்கள்; ஃபெரெஞ்சி என்பது வெளிநாட்டவர். நம் 'பரங்கி'யும் அதே வேரிலிருந்து வந்த சொல்தான்.

உணவைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் விலக்கி நோன்பிருப்பதால், அந்நாட்களில் பெரும்பாலான கடைகளில் 'பெயாய்னெட்டு' கிடைக்கும். ஆப்பம்போல் துளைகளும் பழைய மாவுத் தோசையின் புளிப்பும் கொண்ட பெரிய இன்ஜெராவின் மேல், பருப்பு, கீரை, முட்டைக்கோஸ், பீட்ரூட் எனச் சிறு சிறு குவியல்களாக வைத்துத் தருவார்கள். ஆகஸ்டில் வரும் ஃபில்செட்டா நோன்பின்போது இரு வாரங்களுக்கு இதே உணவுதான். மற்ற நாட்களில் கொண்டைக்கடலை மாவில் செய்யும் ஷிரோவைக் கேளுங்கள். 'போஸெனா ஷிரோ' என்றால் மட்டும் வேண்டாம், அதில் இறைச்சி சேரும்.

தெருப்பெயரும் கதவு எண்ணும் அங்கே அதிகம் உதவாது. அராட் கிலோ, மெகனான்யா போன்ற சந்திப்புகளையும் அருகிலுள்ள கட்டடங்களையும் வைத்தே வழி சொல்வார்கள். எனவே முதல் வார இறுதிக்குள், தங்குமிடத்திலிருந்து பயிற்சி மையத்துக்கு நீல-வெள்ளை மினிபஸ்ஸில் உள்ளூர்க்காரர் ஒருவரோடு இரண்டு முறையாவது போய்வாருங்கள். இறங்க வேண்டிய இடம் நெருங்கியதும் "வெராஜ் அலே" என்று குரல் கொடுத்தால் வண்டி நிற்கும்.

அந்த வாரம் வகுப்பெடுக்க ஒப்புக்கொள்ளாமல் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிப்பதே நல்லது என்பது என் கருத்து. யாராவது காபிக்கு அழைத்தால் ஒரு மணி நேரமாவது ஒதுக்கிக்கொண்டு போங்கள். அபோல், டோனா, பெரெக்கா என்று மூன்று சுற்று ஊற்றுவார்கள், முதல் சுற்றிலேயே எழுந்துவிடுவது மரியாதையாகாது.

பணத்தை வங்கியில் மட்டும் மாற்றுங்கள். சிம் கார்டு வாங்கப் பாஸ்போர்ட்டை எடுத்துச் செல்லுங்கள். உங்களிடம் தரப்படும் ஆவணங்களில் தேதி எந்த நாட்காட்டிப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டு, நமது தேதியையும் பக்கத்தில் குறித்து வாங்குங்கள். அவர்களது ஆண்டுக்கு 13 மாதங்கள். நீங்கள் போய் இறங்கும் ஜூலையில் அவர்களது ஆண்டு நம்முடையதைவிட 8 குறைவாக இருக்கும், செப்டம்பரில் அவர்களது புத்தாண்டு பிறந்ததும் 7 குறைவாகிவிடும்.