ஏன் டாக்டராக வேண்டும்? ஓய்வுபெற்ற அரசு மருத்துவரின் பதில்கள்

கேள்வி (பிளஸ் டூ மாணவி): ஏன் மருத்துவம் என்று கேட்டால் தோழிகள் தாத்தாவின் மாரடைப்பு, அம்மாவின் நோய் என்று உருக்கமாகச் சொல்கிறார்கள். எனக்கு உயிரியல் பிடிக்கும், அவ்வளவுதான். இதெல்லாம் ஒரு காரணமா?

பதில்: தாராளமாக. உருக்கமான காரணம் பட்டம் வாங்கிய பிறகும் வரலாம். முத்துலட்சுமி ரெட்டி 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தங்கையைப் புற்றுநோய் கொண்டுபோனது பல ஆண்டுகள் கழித்துத்தான். அந்தச் சாவு அவரைப் புற்றுநோயின் பக்கம் திருப்பியது. 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை வந்தது. உருக்கம் இருந்தும் பாடத்தில் ஆர்வமில்லாத பிள்ளைகள் முதலாண்டு உடற்கூறியலிலேயே திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் ஒரே இரவில் மனம் மாறி, மருத்துவராக முடிவெடுத்தார் என்று வகுப்பில் சொல்கிறேன். மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

பதில்: சம்பவத்தை முழுதாகச் சொன்னால் நம்புவார்கள். நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தார் ஐடா. அமெரிக்கா திரும்பிவிடுவதுதான் அவர் எண்ணம். ஓர் இரவில் மூன்று வீடுகளிலிருந்து, பிரசவ வலியில் துடிக்கும் மனைவிக்கு உதவ வரும்படி கணவன்மார் வந்து அழைத்தார்கள். அவருடைய தந்தை மருத்துவர், வீட்டிலேயே இருந்தார். ஆனால் ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

இதை வெறும் இரக்கக் கதையாகச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. மருத்துவர் இருந்தும் பயனில்லை. பெண் மருத்துவர் தேவை என்பதை அந்த இளம்பெண் கண்ணெதிரே பார்த்தார். 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே இங்கு வந்தார். வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்க 1918 ஆகிவிட்டது. அந்த இரவுக்கும் பள்ளிக்கும் நடுவே ஏறத்தாழ கால் நூற்றாண்டு. அதையும் சொல்லுங்கள்.

கேள்வி (ஒரு தந்தை): மகனுக்கு நீட் தேர்வில் நல்ல மதிப்பெண். ஆனால் விருப்பம் இல்லை என்கிறான். சேர்த்துவிட்டால் போகப் போகப் பிடித்துவிடாதா?

பதில்: சிலருக்குப் பிடித்ததுண்டு. அந்தச் சிலரை நம்பி உங்கள் மகனைப் பணயம் வைக்காதீர்கள். நான்கரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு பயிற்சி. அதற்குப் பிறகு மேற்படிப்புக்கு இன்னொரு நுழைவுத் தேர்வு. கலந்தாய்வுக்கு முன் அவன் ஒரு நாள் காலை அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் உட்கார்ந்துவிட்டு வரட்டும். நீங்கள் கூடப் போக வேண்டாம்.

கேள்வி: பணத்துக்காகப் படிக்கிறேன் என்று சொன்னால் தவறா?

பதில்: இல்லை. வீட்டுக் கடனை நினைத்துப் படித்த நல்ல மருத்துவர்கள் பலர். ஆனால் பணம் மட்டும் குறி என்றால், இது மிகவும் மெதுவான வழி.

கேள்வி (ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி மருத்துவர்): மகப்பேறு மருத்துவம் என்ற ஒரே கனவில் வந்தேன். மேற்படிப்பு நுழைவுத் தேர்வின் தரவரிசையைப் பார்த்தால் கிடைக்காது போலிருக்கிறது. வந்ததே வீணா?

பதில்: மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமியும் அதே கனவில்தான் வந்தார். உறவுப் பெண்கள் மூவர் கர்ப்பகாலத்தில் இறந்ததைச் சிறுவயதில் பார்த்தவர் அவர். ஆனால் கடுமையான முடக்குவாதம் விரல்களை முறுக்கிவிட்டது; பிரசவம் பார்க்க இயலாமல் போனது. கண் மருத்துவத்துக்கு மாறி, முறுக்கிய விரல்களுக்கு ஏற்ற கருவிகளுடன் அறுவை சிகிச்சை பழகினார். பணி ஓய்வுக்குப் பிறகு 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தம் கையால் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். தாய்மார்களுக்காகத்தான் வந்தீர்கள் என்றால், மயக்க மருந்தியல், சமுதாய மருத்துவம் ஆகியவையும் அவர்களைத்தான் காப்பாற்றுகின்றன. மயக்க மருந்து நிபுணர் இல்லாமல் எந்த ஊரில் சிசேரியன் நடக்கிறது?

கேள்வி: ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஆசையை விட்டுவிடவா?

பதில்: வேண்டாம். பலருக்குப் பழகப் பழகக் குறைந்துவிடும். முதல் முறை அறுவை அரங்குக்குப் போகும் நாளில் காலை உணவைத் தவிர்க்காதீர்கள். தலை சுற்றினால் வெட்கப்படாமல் உட்கார்ந்துவிடுங்கள்.