இன்றைய ஓவியர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார், ஏன்?

ஷான் டான். 1974-இல் பிறந்த ஆஸ்திரேலியர், பெர்த் நகரத்தின் வடக்குப் புறநகரில் வளர்ந்தவர். அவருடைய அப்பா மலேசியாவிலிருந்து அங்கே போய்க் குடியேறிய சீனர். இவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் 'தி அரைவல்' புத்தகத்தைத் தாண்டி என்னால் நகர முடிவதில்லை. அதனால் அதைப் பற்றியே சொல்கிறேன்.

2006-இல் வந்த புத்தகம். 128 பக்கங்கள், ஒரு வார்த்தை கிடையாது. பெண்டாட்டியையும் மகளையும் ஊரில் விட்டுவிட்டுப் பிழைப்புக்காகக் கப்பலேறும் ஒருவனின் கதை. எல்லாம் பென்சில் ஓவியங்கள், பழைய போட்டோ ஆல்பம் போலப் பழுப்பேறிய நிறத்தில். வரைந்து முடிக்க அவருக்கு நான்கு வருடம் ஆகியிருக்கிறது. தன்னையே கதாநாயகனாக நடிக்கவைத்துப் படமெடுத்து, அதைப் பார்த்து வரைந்தாராம்.

முதல் பக்கத்தில் ஒன்பது சின்னக் கட்டங்கள். காகிதத்தில் மடித்த பறவை, கடிகாரம், மாட்டியிருக்கும் தொப்பி, குழந்தை வரைந்த படம், பெட்டி, குடும்பப் புகைப்படம் என்று ஒரு வீடே அதில் இருக்கிறது. பிறகு அந்தப் புகைப்படம் பெட்டிக்குள் போகிறது. மூடிய பெட்டியின் மேல் அவன் கை, அதன் மேல் அவள் கை.

ஊருக்குப் போனபோது இந்தப் புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அப்பா பதினோரு வருடம் மஸ்கட்டில் கட்டட வேலை பார்த்தவர், குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாத விசா. அம்மா அந்தக் கைகளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்கப்பா கெளம்புறப்பவும் நான் பெட்டிய மூட விடல" என்று மட்டும் சொன்னாள்.

அவன் போய் இறங்கும் நகரம் முழுக்க ஷான் டானின் கற்பனை. அங்கே எழுதியிருப்பது உலகில் எங்குமே இல்லாத எழுத்து. விலங்குகள், பழங்கள், வாகனங்கள் என எதுவும் நாம் பார்த்ததில்லை. புத்தகத்தில் ஏன் வார்த்தையே இல்லை என்பது இங்கேதான் எனக்குப் புரிந்தது. அவனுக்கும் படிக்கத் தெரியாது, நமக்கும் தெரியாது. ரொட்டி வேண்டுமென்றால் நோட்டில் ரொட்டியை வரைந்து காட்டுகிறான். போஸ்டர் ஒட்டும் வேலை கிடைத்ததும் எல்லாவற்றையும் தலைகீழாக ஒட்டிவிடுகிறான். அந்தப் பக்கம் வந்ததும் அம்மா சிரித்துவிட்டாள். மஸ்கட் போன புதிதில் அப்பா பால் என்று நினைத்து லபன் வாங்கி வந்து, அதாவது மோர், டீயில் ஊற்றித் திரிந்துபோன கதை எங்கள் வீட்டில் பிரசித்தம்.

அவனைச் சோதிக்கும் குடியேற்ற அலுவலகக் காட்சிகளுக்கு அமெரிக்காவில் குடியேற வந்தவர்களை ஒரு காலத்தில் சோதித்து அனுப்பிய நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் எடுத்த பழைய புகைப்படங்கள்தான் மூலம். சட்டையெல்லாம் சீட்டு குத்தப்பட்டு, கேள்வி புரியாமல் அவன் கையை விரிக்கும் சின்னச் சின்னக் கட்டங்களில் முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வரும். அட்டையின் உள்பக்கத்தில் பாஸ்போர்ட் அளவில் அறுபது முகங்கள் இருக்கின்றன. நான் ஒவ்வொரு முறையும் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

ஒரு குறையும் எனக்கு உண்டு. புது ஊரில் பார்க்கிற பலரும் அவனுக்குக் கைகொடுக்கிறார்கள். நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. ஆனால் கைகொடுப்பவர்கள் எல்லாரும் முன்னொரு நாள் தப்பி வந்தவர்கள். கொத்தடிமையாக உலையில் வேலை செய்த பெண், போரில் காலை இழந்த கிழவர் என்று அவரவர் கதையையும் ஷான் டான் வரைந்துவிடுவதால் அதை மனம் ஏற்றுக்கொள்கிறது.

இவருடைய 'தி லாஸ்ட் திங்' குறும்படமாகி 2011-இல் ஆஸ்கர் வாங்கியது. 'சிக்காடா' என்று 2018-இல் ஒரு சிறிய புத்தகம் வந்தது, பதினேழு வருடம் அலுவலகத்தில் உழைக்கும் ஒரு பூச்சியின் கதை. எதை எடுத்தாலும் தனக்கென்று இடமில்லாத ஓர் உயிர் நடுவில் நிற்கும்.

'தி அரைவல்' கடைசி அத்தியாயத்தில் மறுபடி அதே போல ஒன்பது கட்டங்கள், ஆனால் இப்போது எல்லாம் புது ஊர்ப் பொருட்கள். அம்மா முதல் பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, "இவன் பொண்டாட்டி புள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டான்ல" என்றாள்.